வக்கீல் காட்டிய தீர்ப்பே இல்லையாம், என்ன செய்வது?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அண்ணன் பங்கு தர மறுப்பதால் சிட்டி சிவில் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு போட்டேன். எங்கள் வக்கீலின் எழுத்துப்பூர்வ வாதத்தில் இருக்கும் இரண்டு தீர்ப்புகள் எங்குமே இல்லை என்கிறார் எதிர்த்தரப்பு வக்கீல். நீதிபதி நகல் கேட்டு வாய்தா போட்டிருக்கிறார். என் பத்திரம், ஆதார், சமரசத்துக்காக நான் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாவற்றையும் வக்கீல் செல்போனில் ஏஐ செயலியில் ஏற்றியதை நானே பார்த்தேன். வழக்கு தோற்றுவிடுமா? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. உங்கள் வழக்கு நிற்பது பத்திரத்திலும் வாரிசுச் சான்றிலும்தான். நீங்கள் இந்துவாக இருந்தால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-வது பிரிவின்படி, உயில் இல்லாத தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. அம்மா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. இதற்குத் தீர்ப்பைத் தேடியே அலைய வேண்டியதில்லை. இல்லாத தீர்ப்பை எதற்குப் போட்டார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஏஐ பயன்படுத்தியதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். தேதிப் பட்டியல் போட நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது தீர்ப்பின் பெயர், ஆண்டு, பக்க எண் வரை அச்சு அசலாகக் கற்பனை செய்துவிடும். நியூயார்க்கில் 2023-ல் இப்படித் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கையெழுத்துப் போடும் வக்கீல் தீர்ப்பைத் திறந்து படித்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பென்றால் அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்சிஆர் இணையதளத்தில் நீங்களே காசில்லாமல் தேடிப் பார்க்கலாம்.

அடுத்த வாய்தாவுக்குள் அந்த இரண்டு தீர்ப்புகளையும் விலக்கிக்கொள்வதாக மெமோ போடச் சொல்லுங்கள். அன்று நீங்களும் கோர்ட்டில் இருங்கள். மழுப்பினால் வக்கீலை மாற்றிவிடுங்கள். பழைய வக்காலத்தை முடிக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி கேஸ் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. அது தொழில் ஒழுங்கீனம் என்று 2000-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எனக்கு அதிகம் உறுத்துவது அந்தச் சமரசக் குறிப்புதான். எவ்வளவுக்கு இறங்கி வருவீர்கள் என்பது அதில் இருக்குமே! கட்சிக்காரர் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது என்கிறது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 132-வது பிரிவு. வக்காலத்து முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடரும். வெளிக் கம்பெனி சர்வரில் ஏற்றுவது 'வெளியிடுவது' ஆகுமா என்பதில் இருபக்கமும் வாதம் செய்யலாம். உங்களைக் கேட்காமல் ஏற்றியது தவறு என்பதே என் கருத்து. அழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

நுகர்வோர் கோர்ட் வேண்டாம்; வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. வக்கீல்கள் சட்டம் 35-வது பிரிவின் கீழ் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கண்டிப்பு, சஸ்பெண்ட், பெயர் நீக்கம் வரை போகும். ஒரு வருடத்தில் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். புகாரோடு சேர்க்க அந்த எழுத்துப்பூர்வ வாதத்துக்கு இப்போதே நகல் மனு போட்டு, சான்றிட்ட நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.