வேன் நின்றால்தானே காசு நிற்கும்?

கேள்வி: எங்கள் ஊர் நவக்கிரகத் தலங்களில் ஒன்று. சனி, ஞாயிறு வந்தால் வேன் வேனாக வருகிறார்கள், கும்பிட்ட கையோடு கிளம்பிவிடுகிறார்கள். எங்களுக்கு மிஞ்சுவது புழுதியும் பிளாஸ்டிக் குப்பையும்தான். சுற்றுலா வளர்ந்தால் ஊருக்கு நல்லது என்கிறார்களே, யாருக்கு நல்லது?
- கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் கோபம் நியாயமானதுதான். திங்களூரில் தொடங்கித் திருநள்ளாறு வரை ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க நினைப்பவர்களுக்கு உங்கள் ஊரில் உட்கார நேரம் ஏது? அறை, சாப்பாடு, வண்டி எல்லாச் செலவும் கும்பகோணத்திலேயே முடிந்துவிடுகிறது, உங்கள் ஊருக்கு விழுவது அர்ச்சனைத் தட்டுக் காசுதான். இன்னும் ஆட்களைக் கூட்டி என்ன ஆகப்போகிறது? வருகிறவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தால் போதும்.

அதற்கு முதலில் வேண்டியது கழிப்பறை. பெண்களும் வயதானவர்களும் வரும் வேன் சுத்தமான கழிப்பறை இருக்கிற இடத்தில்தான் நிற்கும், நின்ற இடத்தில்தான் டீ குடிப்பார்கள், இளநீர் வெட்டச் சொல்வார்கள், பிள்ளைக்கு முறுக்கு வாங்குவார்கள். அதை உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுவே நடத்தினால் சம்பளமும் ஊருக்குள் இருக்கும்.

அப்புறம் கைத்தொழில். சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, சூடுகாட்டி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவதை ஒருமுறை நேரில் பார்த்தவருக்குச் சிலையின் விலையில் பேரம் பேச வாய் வராது. திருபுவனம் பட்டுக்கும் நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் தறியையும் பட்டறையையும் காட்டாமல் நேராகக் கடைக்குக் கூட்டிப்போனால் லாபம் கமிஷன் வாங்குகிறவருக்குத்தான் போகும், நெய்தவருக்குப் போகாது. இது எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்துகிற விஷயம்.

சரி, வண்டி நிறுத்தக் கட்டணம் யாருக்குப் போகிறது? ஏலம் எடுத்தவர் யார், ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது, அதில் குப்பை அள்ள எவ்வளவு செலவானது என்று கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு 6 முறை கூடுகிறது. வாயால் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், மனுவாகக் கொடுத்துத் தீர்மானமாக எழுத வையுங்கள். 2028-ல் மகாமகம் வருகிறது. கூட்டம் வந்த பிறகு கேட்டால் ஏலமும் கடைகளும் வெளியூர்க்காரர் கைக்குப் போயிருக்கும்.