மருந்து அளவு: 50 மி.கி. கூட்டுவதற்கு டாக்டர் ஏன் இவ்வளவு யோசிக்கிறார்?

அப்பாவுக்கு வலிப்பு. ஃபெனிடோயின் 300 மி.கி. போட்டும் நிற்கவில்லை. டாக்டர் 50 மட்டும்தான் கூட்டியிருக்கிறார். நேரே 400 ஆக்கினால் என்ன?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பெரும்பாலான மருந்துகளில் அளவை இரண்டு மடங்காக்கினால் ரத்தத்திலும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஃபெனிடோயின் அப்படி இல்லை. அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள், நாம் சாதாரணமாகக் கொடுக்கும் அளவிலேயே திணற ஆரம்பித்துவிடும். ரேஷன் கடையில் மணிக்கு முப்பது பேருக்குத்தான் அரிசி போட முடியும் என்று வையுங்கள். இருபத்தெட்டு பேர் வந்தால் வரிசையே தெரியாது, முப்பத்தைந்து பேர் வந்துகொண்டே இருந்தால் சாயங்காலத்துக்குள் வரிசை தெருமுனைக்குப் போய்விடும். ரத்தத்தில் மில்லிக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருந்தால் சரி. 20 தாண்டினால் கருவிழி பக்கவாட்டில் துடிக்கும், 30 வாக்கில் நடை தள்ளாடும், 40 தாண்டினால் புத்தி தடுமாறும். அப்பா தள்ளாடினால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பாருங்கள். நீங்களாகக் கூட்டாதீர்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் எத்தனை ஸ்பூன்?

ஸ்பூன் கணக்கே வேண்டாம். ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி. வரை. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. வருகிறதா? மில்லிக்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தென்றால் அது ஒன்றரை மில்லி. 5 மில்லிக்கு 250 உள்ள சிரப்பென்றால் 3 மில்லி. சிரப் ஊற்றுகிற நினைப்பில் சொட்டு மருந்தை ஒரு ஸ்பூன், அதாவது 5 மில்லி, ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும். கல்லீரலோடு விளையாடாதீர்கள்.

மெடிக்கலில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார்கள். மருந்து ஒன்றுதானே?

பெரும்பாலும் ஒன்றுதான். ஃபெனிடோயினில் மட்டும் கவனம். 1968 வாக்கில் ஆஸ்திரேலியாவில் அதன் கேப்ஸ்யூலில் மருந்தளவை மாற்றாமல், இடத்தை நிரப்ப மட்டும் போடும் கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸைச் சேர்த்தார்கள். அதற்கே மருந்து கூடுதலாக உடம்பில் ஏறி, பல நோயாளிகள் நச்சு அறிகுறிகளோடு வந்தார்கள்.

அந்தக் காலத்துக் கதையைச் சொல்லி விலை கூடின மாத்திரையை வாங்க வைக்கிறீர்களே? மக்கள் மருந்தகத்தில் வாங்குகிறவர்கள் என்ன செய்வது?

நான் அப்படிச் சொல்லவே இல்லை. மக்கள் மருந்தகத்தில் வாங்குங்கள், தாராளமாக. எதில் ஆரம்பித்தீர்களோ அதையே தொடருங்கள் என்பதுதான் என் பேச்சு.

அது கிடைக்காவிட்டால்?

இதைக் கேட்டிருக்க வேண்டியதுதான், நானே சொல்லியிருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரலாம். கிடைக்கிறதைப் போடுங்கள், மாறியதை டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள். தினமும் போட்டால் சீக்கிரம் குணமாகுமா?

கூடவே கூடாது. எலும்பு மஜ்ஜை அடிபட்டு உயிரே போகும். எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பேனாவால் எழுதிவையுங்கள்.

சித்த மருந்துகளின் அளவு?

என் துறை இல்லை. சித்த மருத்துவரைக் கேளுங்கள்.

ஒரு வயசுப் பையன், காய்ச்சல், எத்தனை ஸ்பூன்?

மேலே சொல்லிவிட்டேன், இது மூன்றாவது முறை. வயசு வேண்டாம், எடை என்ன? பாட்டிலில் எத்தனை மில்லிக்கு எத்தனை மி.கி. என்று போட்டிருக்கிறது? பார்த்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.