வெளிர் பொன் நிறம்: எழுத்துக்கு அல்ல, தளத்துக்கு

கேள்வி: செயலிக்கு இளம் பொன் நிறம் (சிவப்பு 232, பச்சை 208, நீலம் 150) எடுத்திருக்கிறேன். வெள்ளைப் பின்னணியில் தலைப்புகளும் அதே நிறம். படிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்கிறார்கள். எழுத்தைத் தடிமனாக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. வெள்ளையின் மேல் உங்கள் பொன்னின் கான்ட்ராஸ்ட் (இரு நிறங்களுக்கிடையே உள்ள வெளிச்ச வேறுபாட்டின் விகிதம்) 1.5:1 தான். இணைய அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கேட்கின்றன. இத்தனை பள்ளத்தைத் தடிமன் நிரப்பாது.

பொன்னின் சாயலே நீலத்தைக் குறைப்பதால்தான் வருகிறது. ஆனால் வெளிச்சக் கணக்கில் நீலத்தின் பங்கு வெறும் 7 விழுக்காடு, பச்சைக்கோ 72. நீலத்தை உச்சமான 255-லிருந்து 150-க்கு இறக்கினாலும் அதனால் குறையும் வெளிச்சம் 5 விழுக்காடுதான். நிறம் மாறியது கண்ணுக்குத் தெரியும், எழுத்தின் விளிம்பு தெரியாது.

எனவே பொன்னைப் பின்னணித் தளமாக விரித்து, மேலே அடர் பழுப்பில் (43, 33, 24) எழுதுங்கள், 10.4:1 கிடைக்கும். இரண்டையும் இடம் மாற்றினால் இருண்ட தீமுக்கும் (டார்க் மோட்) அதே எண்தான். இந்த நிறம் உண்மையில் மின்னுவது அங்கேதான்.

வெள்ளையில் பொன் சாயலில் தலைப்பு வேண்டுமென்றே இருந்தால் 122, 84, 20 எடுங்கள், 6.8:1 வரும். பொன்னோடு கறுப்பை மட்டும் கலந்து அடர்த்தியாக்காதீர்கள், பாசி பிடித்த பச்சை எட்டிப் பார்க்கும். அடர்த்தியாக்கும்போதே ஹியூவை (நிறச் சக்கரத்தில் நிறம் இருக்கும் கோணம்) 42 பாகையிலிருந்து 38 பக்கம், ஆரஞ்சை நோக்கி நகர்த்த வேண்டும். மேலே சொன்ன எண் அப்படி நகர்த்தியதுதான்.

கேள்வி: பொன் நிற பட்டன், செயலிழந்த பட்டன் போலவே தெரிகிறதே?

பதில்: மேலே வெள்ளை எழுத்தோ சாம்பல் எழுத்தோ வைத்திருப்பீர்கள். அடர் பழுப்புக்கு மாற்றி, 160, 120, 40 நிறத்தில் 1 பிக்சல் விளிம்பு கொடுங்கள். வெள்ளைப் பக்கத்தில் விளிம்புக்கு 4:1 கிடைக்கும். பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நிறம் நீக்கிச் சாம்பலாகப் பாருங்கள். பட்டன் பக்கத்தோடு கரைந்துபோனால் விளிம்பு இன்னும் போதவில்லை. எச்சரிக்கைச் செய்திக்கு மஞ்சள் வைத்திருந்தால், அதோடு ஒரு குறியும் சேர்த்துவிடுங்கள். இல்லையேல் பட்டனையும் எச்சரிக்கை என்றே நினைப்பார்கள்.

கேள்வி: இரவில் மட்டும் செயலியின் பொன் நிற அட்டைகள் (தகவல் பெட்டிகள்) வெள்ளைப் பின்னணியோடு கலந்துவிடுகின்றன. ஏன்?

பதில்: போனின் இரவு ஒளி வசதி நீலத்தைக் குறைக்கிறது. அப்போது வெள்ளையே பொன்னை நெருங்கிவிடும். அட்டைக்கு மெல்லிய விளிம்போ நிழலோ கொடுத்து, அந்த வசதியை முழு அளவில் வைத்தே சோதியுங்கள்.