பித்தப்பை லேப்ராஸ்கோபியும் இழப்பீட்டு வழக்கும்: கேள்வி பதில்

பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளைகள் வழியாகச் செய்யும்) அறுவை சிகிச்சை செய்துகொண்டு பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்தினர் கேட்ட கேள்விகளுக்கு, நுகர்வோர் ஆணையங்களில் மருத்துவ வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் அக்காவுக்கு அறுவை சிகிச்சையின்போது பித்தநாளம் வெட்டுப்பட்டுவிட்டது. இதுவே கவனக்குறைவுக்குப் போதிய சான்று இல்லையா?

பதில்: இல்லை. இந்த அறுவை சிகிச்சையில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இந்தக் காயம் நேர்வதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன; அனுபவம் மிக்கவர்களின் கையிலும் அது நேர்கிறது. அத்துறையில் சராசரித் திறமையுள்ள மருத்துவர் காட்டக்கூடிய கவனத்தை அறுவை செய்தவர் காட்டினாரா என்பதையே 2005-ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அளவுகோலாக ஏற்றது. கல்லீரலின் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளத்தை, பித்தப்பையோடு சேர்த்து வெட்ட வேண்டிய பித்தப்பை நாளம் என்று எண்ணி, அதன்மீது கிளிப் போட்டு வெட்டிவிடுவதுதான் இத்தகைய பெருங்காயங்களில் வழக்கமாக நடக்கும் தவறு. அதைத் தவிர்க்க, கல்லீரலை ஒட்டிய முக்கோணப் பகுதியில் கொழுப்பையும் நார்த்திசுவையும் நீக்கி, பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, ஒரு நாளமும் ஒரு தமனியும் மட்டுமே பித்தப்பைக்குள் நுழைவதைக் கண்ணால் உறுதிசெய்த பிறகே வெட்ட வேண்டும் என்ற முறை 1995 முதல் வலியுறுத்தப்பட்டு வருகிறது. ஆகவே ஆபரேஷன் நோட்ஸில் இந்த உறுதிப்படுத்தல் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது 'பித்தப்பை அகற்றப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு முடிகிறதா என்று முதலில் பாருங்கள். வீடியோ பதிவு இருந்தால் அதையும் கேளுங்கள்.

கேள்வி: மூன்றாம் நாளே அம்மாவின் வயிறு உப்பி, வடிகுழாயில் பச்சை கலந்த மஞ்சள் நீர் வந்தது. வாயுத் தொல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து வேறு மருத்துவமனையில்தான் பித்தக் கசிவு என்று கண்டுபிடித்தார்கள்.

பதில்: என் பார்வையில் உங்களுடைய வழக்கே வலுவானது. காயம் நேர்ந்ததைத் தவிர்க்க முடியாத சிக்கல் என்று மருத்துவமனை வாதிடலாம். வடிகுழாயில் பித்தம் வந்த பிறகும் ஸ்கேன் எடுக்காமல், கல்லீரல், பித்தநாளச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பாமல் விட்டதற்கு அந்த வாதம் பொருந்தாது. எத்தனை மில்லி வடிந்தது, என்ன நிறம் என்று செவிலியர் எழுதிய தினசரிக் குறிப்பும், இரண்டாவது மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியும் உங்கள் முதன்மைச் சான்றுகள். நிபுணர் கருத்து எல்லா வழக்குக்கும் கட்டாயமில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தாலும், இவ்வகை வழக்கில் அது இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: துளை வழியாகத் தொடங்கி, பாதியில் வயிற்றைத் திறந்து செய்தார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: அதற்காக மட்டும் வேண்டாம். உறுப்புகள் தெளிவாகத் தெரியாதபோது திறந்து செய்வது பாதுகாப்பான முடிவு. அந்தச் சாத்தியத்தை ஒப்புதல் படிவத்தில் முன்பே விளக்கியிருக்க வேண்டும் என்பது தனி விஷயம்.

கேள்வி: பாதிப்பு பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தால்?

பதில்: 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு மனு செய்ய இரண்டு ஆண்டுகளே தருகிறது, தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் வலியோடு இருந்து, மறு அறுவையில் வயிற்றுக்குள் பஞ்சுத் துணி கண்டெடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கைக்கூட, வலி தொடர்ந்தபோதே அவர் மருத்துவரை அணுகியிருக்க வேண்டும் என்று கூறி, காலங்கடந்ததாக 2010-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. எனக்கு அது மிகக் கடுமையான தீர்ப்பாகவே படுகிறது. ஆனாலும் அதை மனத்தில் வைத்தே நடக்க வேண்டும்.

கேள்வி: எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆவணங்களிலிருந்து. கேஸ் ஷீட், ஆபரேஷன் நோட்ஸ், ஒப்புதல் படிவம் ஆகியவற்றின் நகலை எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை தர வேண்டும். பதிவுத் தபாலில் கேட்டு, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மருத்துவமனைக்குச் செலுத்திய தொகை 50 லட்சத்துக்கு மேற்படாவிட்டால், கேட்கும் இழப்பீடு எவ்வளவாக இருந்தாலும் மாவட்ட ஆணையத்தில்தான் மனு. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இச்சட்டத்துக்குள் வராது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும்.