எதற்கு இரண்டு மடங்கு?

அன்புள்ள அண்ணா,

எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் பெரியப்பா ஒரு செய்தி அனுப்பினார். அம்மா ரொம்ப நாளாகச் சாப்பிடும் ஒரு மாத்திரையால் ரத்தக்கட்டு வரும் அபாயம் இரண்டு மடங்காகிறதாம். அன்றைக்கே அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். தேடிப் பார்த்தேன், அப்படி ஓர் ஆய்வு இருக்கிறது, எண்ணும் சரிதான். ஆனாலும் ஏதோ இடிக்கிறது. எண் சரியாக இருக்கும்போது தப்பு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள தம்பி,

முதலில் அம்மாவை மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கூட்டிப் போங்கள், இதை அப்புறம் படிக்கலாம்.

எந்த எண்ணைப்போல் இரண்டு மடங்கு என்பது செய்தியில் இல்லை, அதுதான் இடிக்கிறது. 1995-இல் பிரிட்டனில் புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு அபாயம் இரண்டு மடங்கு என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. பழைய மாத்திரையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதியதில் இரண்டு பேருக்கு, அவ்வளவுதான். ஆனால் ஊரெல்லாம் பரவியது அந்த 'மடங்கு' மட்டும். பெண்கள் பயந்து மாத்திரையை விட்டார்கள், அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடுகிறார்கள். இத்தனைக்கும் கர்ப்பத்தில் ரத்தக்கட்டு வரும் அபாயம் அந்த மாத்திரையில் இருப்பதைவிட அதிகம். யாரும் பொய் சொல்லவில்லை, அதை நினைத்தால்தான் மனசு ஆற மாட்டேன் என்கிறது.

நம்ம பக்கம் இப்படி எண்ணை மறைப்பதை வார்த்தையை வைத்தே செய்தார்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம், பணம் கட்டினால் ஈமுக் குஞ்சும் மாதாமாதம் பணமும் தருகிறோம் என்ற ஈமுக் கோழித் திட்டங்கள் கவிழ்ந்தபோது பணம் போட்டவர்கள் கணக்குத் தெரியாதவர்களா என்ன? நூலும் மஞ்சளும் வாங்கி விற்றுப் பழகிய ஊர் இது. போட்ட பணத்துக்கு இவ்வளவு வட்டி என்று நேராகச் சொல்லியிருந்தால், இது எப்படிங்க கட்டும் என்று முதல் ஆளே கேட்டிருப்பார். வட்டி என்று சொல்லாமல் குஞ்சு, தீவனம், பராமரிப்புத் தொகை, வருட போனஸ் என்று பிரித்துப் பிரித்துப் பெயர் வைத்ததும் அது பண்ணையம் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மாதாமாதம் பணம் வந்ததும் உண்மை. அந்தப் பணம் கறி விற்று வந்ததா, புதிதாகச் சேர்ந்தவர்கள் கட்டியதா என்பதை மட்டும் விளம்பரத்தில் சொல்லவில்லை. அதனால் யாராவது ஓர் எண்ணைக் காட்டும்போது பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய இன்னோர் எண் எங்கே என்று தேடுங்கள், அது நல்ல எண்ணமுள்ளவர் காட்டும் எண்ணாக இருந்தாலும் சரி.

பெரியப்பாவிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அக்கறையில்தான் அனுப்பியிருப்பார். அந்த ஆய்வில் மாத்திரை சாப்பிடாதவர்களில் எத்தனை பேருக்கு ரத்தக்கட்டு வந்தது, சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்று இரண்டையும் எடுத்து, ஆயிரம் பேருக்கு இத்தனை என்று எழுதிக் குழுவில் போடுங்கள். மாத்திரையை நிறுத்தினால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்பதையும் டாக்டரிடம் கேட்டுச் சேர்த்துப் போடுங்கள்.