தைவானுக்குப் போகலாமா என்று கேட்ட பள்ளிப்பட்டுத் தங்கச்சிக்கு

திருப்பதியில் எம்எஸ்சி முடித்த கையோடு தைவானில் சின்ச்சு என்ற ஊரில் பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் டிசம்பர் கடைசியில் சீனா அந்தத் தீவைச் சுற்றிக் கப்பலும் விமானமும் கொண்டுவந்து பயிற்சி நடத்தியதை டிவியில் பார்த்ததிலிருந்து அப்பா பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார், சண்டை வருமா அக்கா, வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். கூடவே சாப்பாடு, வாடகை, குளிர், மொழி, பெண் தனியாக இருக்கலாமா என்று பெரிய பட்டியல். நான் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், ஆந்திராவில் இருக்கிற நகரி ஊர்க்காரி. அதே சின்ச்சுவில் படித்து, அங்கேயே சிப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது குடும்பமும் அங்கேதான். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன், பக்கத்து வீட்டுத் தறி ஓடுகிற சத்தத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் கேள்வியைப் படித்ததும் என் அப்பா ஞாபகம்தான் வந்தது. நான் கிளம்பும்போது தைவான் எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது, ஆனாலும் தடுக்கவில்லை.

சாப்பாடு, குளிரெல்லாம் வந்து பழகிக்கொள்ளலாம், அதற்கு யாரும் சாவதில்லை. சண்டையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி நம் ஆட்கள் பேசுவதில் பாதிக்கு மேல் உளறல்.

சண்டை வருமா என்று தேதி குறித்துச் சொல்கிற யாரையும் நம்பாதே. அது பெய்ஜிங்கில் முடிவெடுக்கிற சிலருடைய மனதில் இருக்கிறது, மற்றவர்கள் எல்லாம் யூகிக்கிறார்கள். ஆனால் தைவான் தன்னுடையது என்று சீனா சொல்வது நேற்று முளைத்த பிரச்சினை இல்லை என்பதை அப்பாவிடம் சொல். சீன உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பு 1949இல் அந்தத் தீவுக்கு வந்து அரசு நடத்தத் தொடங்கியதிலிருந்தே இது இருக்கிறது. நடுவில் இருக்கிற ஜலசந்தி குறுகலான இடத்தில் 130 கிலோமீட்டர்தான், நகரியிலிருந்து சென்னை போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. சீனக் கரைக்குப் பக்கத்திலேயே கின்மென் என்று தைவானுக்குச் சொந்தமான ஒரு சின்னத் தீவு உண்டு, 1958 ஆகஸ்ட் 23 அன்று அதன்மேல் பீரங்கிக் குண்டு விழ ஆரம்பித்து, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று 1979 வரைக்கும் ஓய்ந்தபாடில்லை. அந்தக் குண்டுகளின் இரும்பில் அடித்த சமையல் கத்தி இப்போதும் அங்கே விற்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, கனத்த கத்தி, பூசணிக்காயை ஒரே போடில் பிளக்கும். 1996இல் அங்கே மக்கள் முதன்முறையாக நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கப் போனபோது சீனா தீவுக்குப் பக்கத்துக் கடலில் ஏவுகணை விட்டது. மக்கள் போய் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

நான் கண்ணால் பார்த்தது 2022 ஆகஸ்ட். அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் நான்சி பெலோசி வந்துவிட்டுப் போனதும் சீனா தீவைச் சுற்றிக் கட்டம் கட்டிக் குண்டு போட்டுப் பயிற்சி நடத்தியது. ஏவுகணைகள் எங்கள் தலைக்கு மேலே பறந்து போன விஷயமே ஜப்பான் சொல்லித்தான் வெளியே தெரிந்தது, ஐந்து தங்கள் கடல் பொருளாதார மண்டலத்தில் விழுந்ததாக அவர்கள் சொன்னார்கள். சில கடைகளின் டிவித் திரைகளை யாரோ இணையம் வழியே பிடித்து பெலோசியைத் திட்டி வாசகம் ஓடவிட்டார்கள். அன்றைக்கும் எங்கள் தெருவில் இரவுச் சந்தை நடந்தது. ஊரிலிருந்து எனக்கு வந்த போன்கள்தான் ஓயவில்லை. அந்த வாரத்தில் நம் ஆட்கள் சிலர் வாட்ஸ்அப்பில் செய்ததை நான் மன்னிக்கவே மாட்டேன். வேறு எங்கேயோ எடுத்த குண்டுவெடிப்பு வீடியோவைப் போட்டு, நாங்கள் இங்கே மாட்டிக்கொண்டோம் என்று அழுதார்கள். அதைப் பார்த்து இங்கே ஏகாம்பரகுப்பத்தில் என் சித்திக்கு ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நீ அங்கே போனால் தயவுசெய்து அப்படி ஒருத்தியாக ஆகிவிடாதே.

அதற்காக எல்லாம் சும்மா மிரட்டல் என்று சொல்கிற சீனியர்களையும் நம்பாதே. 2024 மே மாதம் லாய் சிங்-தே அதிபராகப் பதவியேற்ற கையோடு ஒரு பயிற்சி, அக்டோபரில் இன்னொன்று, 2025 ஏப்ரலில், அப்புறம் டிசம்பரில் என்று திரும்பத் திரும்ப நடந்துகொண்டே இருக்கிறது. தைவான் அரசே இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 2005லும் அதற்குப் பிறகும் பிறந்த பையன்களுக்கு நான்கு மாதமாக இருந்த கட்டாய ராணுவப் பயிற்சியை 2024 முதல் ஒரு வருடம் ஆக்கிவிட்டார்கள். உன் ஆய்வகத்தில் உன்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் ராணுவத்துக்குப் போகிறேன் என்று ஒருநாள் கிளம்புவான். அவனிடம் நீங்களும் சீனர்கள்தானே, எதற்குச் சண்டை என்று கேட்காதே. நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்கிற கேள்வி அது, அத்தோடு அந்த ஆய்வகத்தில் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ஜூலையில், வான்தாக்குதல் ஒத்திகை நடக்கும், 2024 வரைக்கும் வான் ஆன் என்று அதற்குப் பெயர். நான் போன புதிதில் அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மத்தியானம், மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டு கையில், திடீரென்று ஊரே சங்கு ஊதுகிறது. வண்டிகள் ஓரம் கட்டிவிட்டன, போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார், எனக்கு அந்த மொழியில் நன்றி சொல்ல மட்டும் தெரியும். நிஜமாகவே சண்டை வந்துவிட்டது என்று கால் நடுங்கியது. காய் விற்கிற பாட்டி ஒருத்தி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உட்காரவைத்தாள், அரைமணி நேரம் அவளுடைய பிளாஸ்டிக் ஸ்டூலில் நான், அவள் நின்றுகொண்டே. அன்று சாயங்காலம்தான் சீனமொழி வகுப்பில் பெயர் கொடுத்தேன். ஆய்வகத்தில் ஆங்கிலம் போதும் என்று எனக்கும் சொல்லியிருந்தார்கள், உனக்கும் சொல்வார்கள். கேட்காதே. வருடக்கணக்காக சின்ச்சுவில் இருந்துகொண்டு மருந்துக்கடையில்கூட ஆங்கிலத்தில் கேட்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் உண்டு, சங்கு ஊதினால் அறிவிப்பில் என்ன சொல்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரியாது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்த நமக்கு இன்னொரு மொழி பெரிய மலை இல்லை தங்கச்சி.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். தைவானில் நமக்குத் தூதரகம் கிடையாது. இந்தியா அங்கீகரித்திருப்பது பெய்ஜிங் அரசை, அதனால் தைபேயில் 1995 முதல் இந்தியா தைபே அசோசியேஷன் என்ற அலுவலகம்தான் பாஸ்போர்ட் முதல் எல்லா வேலையும் பார்க்கிறது. நல்லபடியாகவே செய்கிறார்கள், ஆனால் ஒரு தூதரகத்துக்கு இருக்கிற அதிகாரமும் ஆள்பலமும் வேறு. 2022இல் உக்ரைன் சண்டையில் நம் பிள்ளைகளைக் கொண்டுவந்ததை ஞாபகம் வைத்துப் பார். ஆபரேஷன் கங்கா என்று 20,000க்கும் மேலே ஆட்களைக் கூட்டிவந்தார்கள். எப்படி முடிந்தது? போலந்து, ருமேனியா, ஹங்கேரி எல்லை வரைக்கும் பஸ்ஸிலும் ரயிலிலும் நடந்தும் போக முடிந்ததால். அப்போதும் கார்கிவில் உணவு வாங்கப் போய் நின்ற கர்நாடகப் பையன் உயிரோடு திரும்பவில்லை. தைவான் தீவு. விமானமும் கப்பலும் நின்றால் நடந்துபோக எல்லை என்று எதுவும் இல்லை.

அதனால் போன முதல் வாரத்திலேயே அந்த அலுவலகத்தில் உன் பெயர், விலாசம், போன் எண் எல்லாம் பதிவு செய்துவிடு. குடியிருப்பு அட்டையை, அங்கே எல்லோரும் ஏஆர்சி என்பார்கள், ஒருநாள்கூடக் காலாவதி ஆகவிடாதே. பாஸ்போர்ட், ஏஆர்சி, சான்றிதழ் நகல்கள் அப்பாவிடம் ஒரு செட் இருக்கட்டும். வீடு பார்க்கும்போது பக்கத்தில் எந்தக் கட்டடத்தின் கீழ்த்தளம் பாதுகாப்பு இடம் என்று பார்த்துவை, வாசலில் மஞ்சள் நிறத்தில் பலகை ஒட்டியிருப்பார்கள். திரும்பிவர ஒரு டிக்கெட்டுக்கான பணம் எப்போதும் கணக்கில் தொடாமல் இருக்க வேண்டும், அதை எடுத்து ஐபோன் வாங்காதே. கதவோரம் ஒரு பை. தண்ணீர், டார்ச், பவர்பேங்க், மாத்திரை, கொஞ்சம் ரொக்கம், ஒரு ஸ்வெட்டர், விசில். என் பை சண்டைக்கு இதுவரை உதவவில்லை, 2024 ஏப்ரல் 3 காலையில் ஹுவாலியன் பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்து எங்கள் கட்டடம் ஆடியபோது பிள்ளையை ஒரு கையிலும் அந்தப் பையை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன்.

குண்டு விழுவதைவிட முற்றுகைதான் நடக்கலாம் என்று அங்கே விவரம் தெரிந்தவர்கள் பேசிக்கொள்கிறார்கள். எரிசக்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேலே வெளியிலிருந்து கப்பலில் வருகிறது, கடைசி அணு உலையையும் 2025 மே மாதம் மூடிவிட்டார்கள், இயற்கை எரிவாயு கையிருப்பு இரண்டு வாரம்கூடத் தாங்காது. கப்பல் நின்றால் முதலில் மின்சாரம் போகும், அத்தோடு சிப் தொழிற்சாலைகள் நிற்கும். உலகத்தில் மிக நுட்பமான சிப்களில் பத்தில் ஒன்பது அந்தத் தீவில்தான் செய்கிறார்கள். அப்புறம் உன் அப்பா கையில் இருக்கிற போன், கார், ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின் எதுவும் தப்பாது. பள்ளிப்பட்டிலேயே இருந்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறாரே, அவருக்கு இதைச் சொல்.

அவரைக் கேள், 2020 ஜூன் 15 லடாக்கில் கல்வானில் சீனப் படையோடு மோதி நம் ஆட்கள் 20 பேர் உயிர்விட்டபோது என்ன ஆயிற்று என்று. ராமநாதபுரம் ஹவில்தார் பழனி ஒருவர், அந்தப் படையை நடத்திய கர்னல் சந்தோஷ் பாபு சூர்யாபேட்டைக்காரர். எங்கள் நகரியில் இரண்டு பேர் படமும் ஒரே தட்டியில் பக்கம்பக்கமாக வைத்துத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருந்ததை என் அண்ணன் போட்டோ எடுத்து அனுப்பினான். அந்த வாரம் தைவானில் ராமர் வில் வளைத்து டிராகனை அடிக்கிற படம் ஒன்று எல்லோர் போனிலும் சுற்றியது, ஆய்வக நண்பர்கள் சந்தோஷமாகக் கொண்டுவந்து காட்டினார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை, பழனி வீட்டில் பிள்ளைகள் என்ன பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். கல்வானுக்கு அப்புறம் 59 சீன செயலிகளுக்குத் தடை, கொரோனாவில் நின்ற நேரடி விமானம் 2025 அக்டோபரில்தான் மறுபடி பறந்தது. எங்கள் தெருப் பையன் ஒருவன் சீனாவில் எம்பிபிஎஸ் படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வந்தவன் 2022 ஆகஸ்ட் வரை விசா கிடைக்காமல் வீட்டு மாடியில் லேப்டாப்பில் உடற்கூறியல் படித்தான், ஆன்லைன் படிப்பு செல்லாது என்று இங்கே மருத்துவ ஆணையம் வேறு சொல்லிவிட்டது. அவன் அப்பா தறியை விற்றுத்தான் அனுப்பியிருந்தார். இரண்டு நாடு முறைத்துக்கொண்டால் அடி விழுகிற இடம் இதுதான்.

இதே பதற்றம்தான் வேலையும் கொண்டுவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சீனாவை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்று தைவான் கம்பெனிகள் வெளியே கிளம்பியதற்கு அங்கே கூலி ஏறியது, அமெரிக்க வரி, சண்டை பயம் எல்லாமே காரணம். நம் பக்கம் ஸ்ரீசிட்டியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் போன் செய்கிறார்கள், குஜராத் தோலேராவில் ஒரு தைவான் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு டாடா சிப் ஆலை கட்டுகிறது. நகரி, புத்தூர்ப் பெண்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். சிப் தெரிந்த, சீனமொழியும் தெரிந்த, தமிழும் தெலுங்கும் பேசுகிற ஒரு பெண்ணுக்கு இங்கே திரும்பினாலும் வேலை கிடைக்கும். இதை நான் தைரியமாகச் சொல்வேன்.

இன்னொரு எச்சரிக்கை, உனக்கு இல்லை, உன் சொந்தத்தில் யாராவது கேட்டால் சொல்ல. இந்தியத் தொழிலாளர்களை எடுக்க 2024 பிப்ரவரியில் தைவானோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைக் காட்டியே லட்சக்கணக்கில் பணம் கேட்கிற ஏஜென்ட்கள் நம் ஊர்களில் சுற்றுகிறார்கள், பத்து பைசா கொடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் அந்த நாட்டுத் தொழிலாளர் அமைச்சர், வடகிழக்கு இந்தியர்களின் நிறமும் சாப்பாடும் தங்களுக்கு நெருக்கம், அங்கிருந்து முதலில் எடுக்கலாம் என்று பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. என் நிறத்தோடும் என் ரசத்தோடும்தான் அந்த ஊரில் பேர் வாங்கியிருக்கிறேன். அந்த அமைச்சரை விமர்சித்ததில் முன்னால் நின்றவர்களும் தைவான்காரர்களே, என் மேலாளர் என் மேஜைக்கு வந்து வருத்தம் சொன்னார்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. சாப்பாடு சைவமா? வாசலில் கோயில் ஸ்வஸ்திக் மாதிரி குறி போட்ட பௌத்த சைவக் கடை தெருவுக்குத் தெரு இருக்கும், தட்டில் எடுத்து எடைக்குக் காசு, வெங்காயம் பூண்டு இருக்காது. பெண் தனியாக நடுராத்திரியில் நடந்துவரலாம், நான் வந்திருக்கிறேன். மருத்துவக் காப்பீடு ஆறு மாதம் கழித்துத்தான் கிடைக்கும், அதுவரைக்கும் தனியாக ஒன்று எடுத்துக்கொள். சான்றிதழ்களில் அத்தாட்சி வாங்குவது மெதுவாக நடக்கும், கடைசியில் சென்னையிலுள்ள தைபே பொருளாதார கலாச்சார மையத்தில் முடிக்க வேண்டும், அதை இந்த வாரமே ஆரம்பி. அதற்கு பாஸ்போர்ட் வேண்டும், அப்பா பீரோவைத் திறக்க வேண்டும்.

நான் இன்னும் பத்து நாள் நகரியில்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வா, மதியம் இங்கேயே சாப்பிடலாம். அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்கிறேன், அதற்கு மேலேயும் வேண்டாம் என்றால் அது உங்கள் வீட்டு முடிவு.