கடலின் விருப்பம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க எழுத்தாளர்களின் அறிவியல் புனைவுகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். விண்வெளியும் வேற்றுக்கோள் உயிர்களும் வரும் இக்கதைகளில் கடலுக்கும் சாலைக்கும் உயிர் இருக்கிறது. நாளைய நல்லுலகைக் கனவு காண்பவர்கள் ஏன் பழைய மூடநம்பிக்கைகளுக்குத் திரும்ப வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அறிவியல் வந்தால் தெய்வங்கள் விலகிவிட வேண்டும் என்று உங்கள் கேள்வி எடுத்துக்கொள்கிறது. மேற்கு ஆப்பிரிக்க வாழ்க்கை அப்படி நடக்கவில்லை. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் மின்வாரிய அலுவலகத்தின் முன்னால் யொருபா மக்களின் மின்னல் தெய்வமான ஷாங்கோவின் சிலை நிற்பதை நைஜீரிய அறிஞர் ஹாரி கருபா 2003இல் எழுதிய கட்டுரையில் சுட்டிக்காட்டுகிறார். மின்சாரம் வந்தபின் அந்தத் தெய்வம் வழக்கொழியவில்லை. மின்சாரத்துக்கும் அதுவே தெய்வமாயிற்று.

நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் நெடி ஒகோராஃபோரின் 'லகூன்' (2014) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். லாகோஸ் கடலில் வேற்றுக்கோள் உயிர்கள் வந்திறங்கும் அக்கதை மனிதரிடம் தொடங்குவதில்லை. கச்சா எண்ணெய்க் குழாயைத் தன் வாள்மூக்கால் குத்தும் ஒரு மீனின் கோபத்தில் தொடங்குகிறது. வந்தவர்கள் அந்த மீனிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். அது விரும்பியபடியே பேருருவம் கொள்கிறது, எண்ணெய் படிந்த நீர் தூய்மையாகிறது. நல்லுலகை அமைக்கும்போது யாருடைய விருப்பத்தையெல்லாம் கேட்க வேண்டும் என்ற கேள்வியை நாம் வழக்கமாக மனிதரோடு நிறுத்திவிடுகிறோம். எண்ணெய்க் கசிவால் நைஜர் கழிமுகத்தின் ஓடைகளும் மீன்பிடித் தொழிலும் பாழாவதைப் பல பத்தாண்டுகளாகக் கண்டுவரும் ஒரு நாட்டைப் பற்றி எழுதுபவர், கடலுக்கும் விருப்பம் உண்டு என்று எழுதுவதைப் பின்னோக்கிய பயணம் என்று என்னால் சொல்ல முடியாது.

அதே நாவலில் லாகோஸ்-பெனின் நெடுஞ்சாலை எழுந்து மனிதர்களை விழுங்குகிறது. தூய்மையடைந்த கடலும் மனிதருக்கு ஆபத்தான இடமாகிவிடுகிறது. இயற்கைக்கு உயிர் உண்டு என்றவுடன் அன்னை என்றும் அருள் என்றும் உருகிவிடும் எழுத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒகோராஃபோர் அப்படி உருகவில்லை. அவர் காட்டும் இலட்சிய உலகில் மற்ற உயிர்கள் நம்மை மறுக்கலாம், தாக்கவும் செய்யலாம்.

எல்லாரையும் இந்த வரிசையில் சேர்க்கவும் முடியாது. ஆப்பிரிக்க அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் 'பேரபிள் ஆஃப் த சோவர்' (1993) நாவலில் கதாநாயகி லாரன் ஒலமினா உருவாக்கும் மதத்தில் ஆவிகளுக்கு இடமில்லை; மாற்றமே அங்கே கடவுள், விண்மீன்களிடையே குடியேறுவதே இலக்கு. ஆனாலும் முடிவில் அவளும் அவளோடு வந்த குழுவினரும் தாங்கள் இழந்தவர்களின் நினைவாக ஓக் விதைகளை நடுகிறார்கள். முன்னோரின் ஊரும் தெய்வமும் அடிமை வணிகத்தால் பறிக்கப்பட்ட மரபிலிருந்து எழுதிய பட்லருக்கும், பெற்றோரின் நிலமான, நைஜீரியாவின் இக்போ மக்கள் வாழும் மண்ணோடு உறவு அறுபடாத ஒகோராஃபோருக்கும் மண் ஒரேவிதமாக வாய்க்கவில்லை.

மூடநம்பிக்கை குறித்த உங்கள் அச்சம் நியாயமானது. 'லகூன்' அதை மறைக்கவுமில்லை. கடல் உயிரியலாளரான அடாவோராவைச் சூனியக்காரி என்று சொல்லிக் கைநீட்டுபவன் அவள் கணவன்; அவனை அந்த எண்ணத்தில் ஊறவைப்பவர் ஒரு கிறிஸ்தவப் போதகர். கடலை உயிருள்ளதாகக் காணும் அதே நாவல்தான் இந்த வன்முறையையும் காட்டுகிறது. அந்தப் பகுதிகளை மீண்டும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.